ரிப்போர்ட்டில் தெரியாத அசதி

வயிற்றுப்போக்கு என்றால் நம்மவர்களிடம் வைத்தியம் தயாராக இருக்கும். ஓமத் தண்ணீர், மாதுளம்பழத் தோல் கஷாயம், மோரில் வெந்தயம் என்று வீட்டுக்கு வீடு ஒரு முறை உண்டு. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் இரண்டு மூன்று வருஷமானாலும் சரியாகாத குடல் நோய்களும் இருக்கின்றன. அந்த நோய்களோடு வாழ்பவர்களைக் கேட்டால், வயிற்று வலியையும் அடிக்கடி ஓட வேண்டியிருப்பதையும்கூடச் சமாளித்துவிடலாம், இந்த உடம்பு அசதியைத்தான் தாங்க முடியவில்லை என்று பலர் சொல்வார்கள். அந்த அசதியைப் பற்றி நம் சங்கக் குடும்பங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலின் உட்புறத்தில் புண்ணும் வீக்கமும் உண்டாகி, ரத்தமும் சளியுமாகப் போவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப் பாதையில் எங்கு வேண்டுமானாலும், பெரும்பாலும் சிறுகுடல் முடியும் இடத்தில் தாக்குவது க்ரோன்ஸ் நோய். 1932இல் நியூயார்க்கில் இதை விவரித்த டாக்டர்களில் ஒருவரான பர்ரில் க்ரோனின் பெயரால் இது வழங்குகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் நோய்கள் இவை. தொற்றிக்கொள்ளாது. ஊசி மருந்துகளும் மாத்திரைகளும் அடக்கி வைக்கும், அடியோடு நீக்குவதில்லை. பெரும்பாலும் இளம் வயதிலேயே, படிப்பும் வேலையும் கல்யாணமும் கூடிவரும் காலத்தில் ஆரம்பிக்கின்றன. மேல்நாட்டு வியாதி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இன்று நம் பெருநகர மருத்துவமனைகளில் இவற்றைப் பார்க்காத குடல் நோய் டாக்டர் இருக்க முடியாது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு. அதில் புண்ணோ வீக்கமோ இருக்காது. குடல் நடந்துகொள்ளும் விதத்தில்தான் தொல்லை. ஆனால் அதிலும் அசதி உண்டு. ஆகவே இங்கே சொல்வதில் ஒரு பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

அசதி என்றால் எப்படிப்பட்ட அசதி? நாள் முழுக்க உழைத்தவனுக்கு வருவது களைப்பு. அது ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படியல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்குவது ஒரு வேலையாகத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவும். அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும். நோய் முற்றியிருக்கும்போது இப்படி இருந்தால் யாருக்கும் புரியும். ஆனால் நோய் அடங்கி, ரத்தப்போக்கு நின்று, எடை ஏறிய பிறகும் பத்துப் பேரில் நான்கைந்து பேருக்கு இந்த அசதி விடுவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து 'எல்லாம் நார்மல்' என்கிறார். அந்த ஒரு வார்த்தையை வீட்டார் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 'டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், அப்புறம் ஏன் படுத்துக்கிடக்கிறாய்?' என்ற கேள்வி வருகிறது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரித்துப் பேசுகிறாள், வேலை என்றால் மட்டும் முடியவில்லையாம் என்று உறவினர்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். இதில் என் கருத்து ஒன்றுதான். காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதற்காகக் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். விடாமல் தேட வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால், அசதியாக இருக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டும். இந்த இரண்டில் முதலாவதை டாக்டரும் நோயாளியும் சேர்ந்து செய்ய வேண்டும். இரண்டாவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

தேடுவது என்றால் எதைத் தேடுவது? முதலாவது ரத்தசோகை. குடலில் கசிந்துகொண்டே இருக்கும் ரத்தத்தோடு இரும்புச் சத்தும் போய்விடுகிறது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும், ஆண்களுக்கு 13க்கும் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 'நம் பெண்களுக்கு 10 இருந்தாலே போதும்' என்று சொல்வதை நாம் ஏற்கக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற சோதனை. சாதாரணமாக 30க்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். குடலில் அழற்சி இருக்கும்போது 100 வரை இருந்தாலும் குறைவாக இருக்க இடமுண்டு. அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் ஒரு பொருள் இரும்பைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுவதே இதற்குக் காரணம். பெட்டியில் பணம் இருந்தும் சாவி இல்லாதவன் கதைதான்.

இரும்பு மாத்திரையைப் பற்றி நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பது நம் வழக்கம். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. மாத்திரைக்கும் காபிக்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது விட வேண்டும். எலுமிச்சம் ஜூஸோடு எடுத்துக்கொண்டால் நல்லது. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குடல் நோய் முனைப்பாக இருக்கும்போதும், ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போகும்போதும், மாத்திரைக்குப் பதிலாக நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே இந்த நோயாளிகளுக்கு உகந்தது. மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்று பேசாமல் நிறுத்திவிடுகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். இரும்பு ஏற்றிய பின்பும் அசதி கூடினால் அதையும் சொல்ல வேண்டும். அப்படி ஏற்றும் மருந்துகளில் ஒரு வகை, ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைத்து அசதி உண்டாக்குவது உண்டு.

இரண்டாவது வைட்டமின் பி12. இது உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். க்ரோன்ஸ் நோய் வழக்கமாகத் தாக்கும் இடமும் அதுவே. அந்தப் பகுதியைப் போதிய நீளத்துக்கு அறுவை செய்து எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க பி12 ஊசி வேண்டியிருக்கும். இந்தச் சத்து காய்கறியிலோ தானியத்திலோ கிடையாது. மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றில்தான். சைவக் குடும்பங்களில் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் அதிகம். 'பால் வயிற்றுக்கு ஆகாது' என்று பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டால் மிச்சம் என்ன? இன்னும் சிலர் பருப்பு ஆகாது, காய் ஆகாது, பழம் ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, மாதக்கணக்கில் கரைத்த சாதத்தில் காலம் தள்ளுகிறார்கள். அசதிக்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. எதைத் தள்ளுவது, எதைத் திரும்பச் சேர்ப்பது என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது மருந்துகள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும். பல வாரங்கள் சாப்பிட்டபின் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் ஆளையே வீழ்த்திவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டேன், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று பெயர் தெரியாத பொடியை வாங்கிச் சாப்பிட்டு, 'அதிசயமாகக் கேட்டது' என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனையில் தெரியவந்த சம்பவங்கள் உண்டு. அசாதியோபிரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அணுக்கள் குறையலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் தேவைப்படும்.

நான்காவது, நோய் நிஜமாகவே அடங்கியிருக்கிறதா என்பது. வலி இல்லை, ரத்தம் இல்லை என்றாலும் உள்ளே தணல் இருக்கலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். இவை தவிர தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை, ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து போவதால் உடையும் தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் க்ரோன்ஸ் நோயும் குடல் காசநோயும் ஒன்றுபோலவே தோற்றமளிப்பதால், எது என்று தீர்மானிக்கவே சில மாதங்கள் ஆகிவிடுவது உண்டு. அந்தக் காலத்து அசதிக்கும் பொறுமை வேண்டும். மூச்சு வாங்குதல், படபடப்பு, காய்ச்சல், எடை இறக்கம், மறுபடி ரத்தம் இவற்றில் எதனோடாவது அசதி சேர்ந்து வந்தால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இத்தனையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் அசதி இருக்கிறது என்றால்? காய்ச்சல் வந்தால் நமக்கு ஏன் படுக்கத் தோன்றுகிறது? எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும்போது உடம்பில் சுரக்கும் சில பொருள்கள் மூளைக்குப் போய், 'அசையாதே, படு' என்று சொல்கின்றன. காய்ச்சலில் அது இரண்டு நாள். எதிர்ப்புச் சக்தி வருஷக்கணக்கில் ஓயாத நோயில் அந்தக் குரலும் ஓயாமல் இருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கங்களில் ஒன்று. இதற்கென்று நிச்சயமான மருந்து இன்னும் வரவில்லை. உடம்பு இடம் கொடுக்கிற அளவு தினமும் நடப்பது, ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, மனநல ஆலோசனை இவை ஓரளவு உதவுகின்றன.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கஷ்டம், மொழி. 'அசதி' என்று தமிழில் நினைப்பதை இந்தியில் 'கம்ஜோரி' என்கிறோம். மராட்டியில் 'அஷக்தபணா' என்கிறோம். கேட்கிற டாக்டருக்கு அது ஆயிரம் நோயாளிகள் சொல்லும் வார்த்தை. ஒரு டானிக்கை எழுதித் தருகிறார்; இல்லாவிட்டால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புகிறார். ஊரிலிருந்து மகனோடு வந்து தங்கியிருக்கும் தாயார் என்றால் இன்னும் சிரமம். மகனே மொழிபெயர்ப்பாளர். மலம், ரத்தம், மாதவிலக்கு என்று மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் பேசுவாள்? பாதியை விழுங்கிவிடுகிறாள். மிச்சப் பாதியை மகன் சுருக்கிச் சொல்கிறான். ஆகவே பொத்தாம்பொதுவாக அசதி என்று சொல்லாமல் கணக்காகச் சொல்லப் பழக வேண்டும். 'முன்பு மூன்று மாடி ஏறுவேன், இப்போது ஒரு மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன்', 'மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நிற்க முடியவில்லை', 'இந்த மாதம் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் எந்த மொழியிலும் புரியும்.

அடுத்தது, மும்பை வாழ்க்கை. கல்யாணிலிருந்தோ விராரிலிருந்தோ மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு வருவது ஆரோக்கியமானவருக்கே தண்டனை. அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. குடல் நோய் உள்ளவர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் கிளம்புகிறார் என்றால் அதற்குக் காரணம் அதுதான். வெறும் வயிற்றோடும் வறண்ட உடம்போடும் போகிறவருக்கு அசதி வராமல் என்ன செய்யும்? மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. இவர் அதில் ஏறினால் 'நன்றாகத்தானே இருக்கிறாய்' என்று இறக்கிவிடுவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஹீமோஃபீலியா, தலசீமியா போன்ற ரத்த நோய்கள் அதில் இடம்பெற்றன. குடல் அழற்சி நோய்கள் இடம்பெறவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயைச் சட்டத்துக்கும் தெரியவில்லை.

ஜப்பானின் பிரதமராக இருந்த ஷின்சோ அபேயை நினைத்துப் பாருங்கள். இளம் வயதிலிருந்தே அவருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். 2006இல் பதவியேற்று ஒரே வருஷத்தில் திடீரென்று விலகியபோது பொறுப்பில்லாதவர் என்று ஏசினார்கள். நல்ல மருந்து கிடைத்த பின் 2012இல் திரும்பி வந்து, அந்த நாட்டின் நெடுங்காலப் பிரதமர் என்று பெயர் பெற்றார். நோய் மறுபடி தலைதூக்கியதால் 2020இல் விலகினார். ஒரே மனிதர், ஒரே நோய். அடங்கியிருந்த காலத்தில் நாட்டையே ஆண்டார். முற்றிய காலத்தில் நாற்காலியில் இருக்க முடியவில்லை. நம் வீட்டு மருமகள் போன வாரம் நவராத்திரிக்குப் பத்துப் பேருக்குச் சுண்டல் செய்தாளே, இந்த வாரம் மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

என் மனைவிக்குப் பதினொரு வருஷமாக இந்த நோய் இருப்பதால் எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். நாளின் சக்தியை மாதச் சம்பளம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் தேதியே செலவழித்துவிட்டால் மாதக் கடைசியில் கடன்தான். துணி மடிப்பதும் காய் நறுக்குவதும் உட்கார்ந்துகொண்டுதான். சமையல் காலையில் ஒரு தடவை. ராத்திரி இட்லியும் பொடியும் போதும். மத்தியானம் அரை மணி நேரம் படுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. 'இன்றைக்கு எப்படி?' என்று காலையில் கேட்பேன். 'முக்கால்', 'கால்' என்று பதில் வரும். கால் என்றால் அன்றைக்குப் பாத்திரமும் பள்ளிக்கூட நோட்டும் என் பொறுப்பு. விளக்கம் கேட்பதில்லை. அசதியைவிடவும் அதை நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் மனுஷியைக் களைக்க வைக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

ஊரில் இருந்தால் ஒரு அத்தை, ஒரு சித்தி, எதிர்வீட்டு மாமி என்று யாராவது இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்வார்கள். இங்கே நமக்கு அத்தையும் சித்தியும் சங்கம்தான். ஆகவே சங்கத்தை மூன்று விஷயங்கள் கேட்கிறேன். மருத்துவமனைக்குக் கூட வந்து இந்தியிலும் மராட்டியிலும் பேசக்கூடிய நாலு பெண்கள், நாலு ஆண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று காரியதரிசியிடம் இருக்கட்டும். தாயாரோடு மகன் போவதற்குப் பதில் இன்னொரு பெண் போகட்டும். பொங்கல் விழாவிலும் புத்தாண்டு விழாவிலும் கழிப்பறை எங்கே என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அட்டை வைக்கட்டும்; கடைசி வரிசையில், வாசலை ஒட்டிச் சில நாற்காலிகளைக் காலியாக விடட்டும். பாதியில் எழுந்து போகிறவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாள். அதையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் தெரிந்த குடல் நோய் டாக்டர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்க வைத்தால், வெட்கப்பட்டு விழுங்கிய பாதியும் வெளியே வரும்.

பந்தியில் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்' என்று வற்புறுத்துவது நம் உபசாரம். வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேட்காமல் இலையைத் தாண்டிப் போவதும் உபசாரம்தான். அதேபோல், விழா வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அன்று காலையில் வர முடியவில்லை என்று போன் செய்பவரிடம், 'சரி, படுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் சொல்லிப் பழகுவோம். அதற்குப் பணம் செலவில்லை. கமிட்டியில் தீர்மானமும் தேவையில்லை.